இரவல் அக்கா

என் உலக்கை, நான் கால் வைக்காத வீடுகளுக்கெல்லாம் போய் வந்திருக்கிறது. பூண் போட்ட உலக்கை அது. கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்தது. நான் இந்தக் குப்பத்துக்கு மருமகளாக வந்த புதிதில், பந்தல் பிரிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"உலக்கைய கொஞ்சம் எரவலா குடுமே. ரெண்டு படி நெல்லு குத்திட்டு இதோ கொண்டாந்துடறேன்."

அவளுடைய 'இதோ' என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்டேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே குடுத்துட்டேனே."

"என்கிட்ட குடுக்கலியே."

"அய்யய்யோ, அப்போ கடைசி வீட்ல குடுத்துட்டேன் போலகீது. அவ உலக்கையும் இப்டித்தான் இருக்கும். போய் வாங்கிக்கோமே."

கடைசி வீட்டுக்காரியோடு எனக்கு, நான் வந்த மறுநாளே தகராறு. அவள் கோழி என் அரிசியைக் கிளறியது, நான் கல்லை விட்டெறிந்தேன். அந்த வீட்டு வாசலில் போய் உலக்கை கேட்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. அவள் உலக்கையை எடுத்துக் கொடுத்தாள். கூடவே உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். கோழி பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் என் கோபம் முழுவதையும் என் புருஷனிடம் கொட்டினேன். அவர் சிரித்தார். "அந்த அக்கா அப்டித்தான். வாங்கினத வாங்கின எடத்துல குடுத்ததே கெடையாது" என்றார்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவள் இரவல் அக்கா. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, பிள்ளை இல்லை. கருவாடு காயவைத்து, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் கூடையோடு உட்கார்ந்து விற்று வயிறு கழுவினாள். ஆள் குள்ளம். நடை மட்டும் வேகம். அவள் நம் வீட்டை நோக்கி வருகிறாள் என்றால், எதை ஒளித்து வைப்பது என்று கை தானாக அலையும்.

முறம் கேட்பாள், சல்லடை கேட்பாள், அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் கேட்பாள். ஒருமுறை என் மாமியாரிடம், ஊறப்போட்டிருந்த வலைக்கயிற்றை ஈரத்தோடு கேட்டு வாங்கிப் போனாள். எல்லாம் திரும்பி வரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு யார் வீட்டிலாவது திரும்பும். நாம் போய் வாங்க வேண்டும். போன இடத்தில் நம்மிடம் யாருடைய சல்லடையோ இருப்பது தெரியவரும். அதை அவர்கள் வந்து வாங்க வேண்டும். எங்கள் குப்பத்தில் பொழுது விடிந்தால் பெண்கள் இப்படிச் சாமான் தேடிக்கொண்டு தெருவில் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருப்போம்.

இன்னொன்று. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. தப்பான வீட்டுக்குப் போன என் முறத்தில் நாலு இறால் கருவாடு இருக்கும். அந்த வீட்டுக்காரி அதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நாலு கத்தரிக்காய் போட்டு என்னிடம் தருவாள். நான் கத்தரிக்காயைச் சமைத்துக்கொண்டே அக்காவைத் திட்டுவேன்.

சரி, மறதிக்காரி என்று விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எந்தப் பிள்ளை எந்தக் காற்றடித்தபோது பிறந்தது, யாருக்கு எந்தக் கால் வலிக்கும், யார் வீட்டில் எந்த வெள்ளத்தில் எத்தனை ஆடு போனது, எல்லாம் நுனிநாக்கில் வைத்திருப்பாள். எந்தப் பாத்திரம் யாருடையது என்பது மட்டும் மறந்துபோகுமாம். இது என்ன மறதி என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அந்தக் காலத்தில் எனக்கு வாய் அதிகம். இப்போது மட்டும் என்ன குறைச்சல்.

"எனக்கு இன்னாமே தெரியும். எல்லா பானையும் ஒரே மாரிதான் கீது" என்று சொல்லிவிட்டு, போகிறபோது என் அகப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பாத்திரம் பண்டமாவது பரவாயில்லை. அவள் ஒரு மனிதனையே இரவல் வாங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் குப்பத்தில் ஒரு கல்யாணம். மேளக்காரருக்குக் காலையில் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியவில்லை. மேளம் இல்லாமல் தாலி கட்டுவதா என்று பெண் வீட்டார் முகம் சுண்டிவிட்டது. அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் கோட்டையின் முரசு அடிக்கிற வெள்ளைக்காரன், முகமெல்லாம் சிவந்து, இடுப்பில் முரசோடு மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கும் தெரியாது. இவளுக்கு அவன் பாஷை தெரியாது. எப்படிக் கேட்டாள், யார் விட்டார்கள், இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "வாசல்ல சும்மா குந்திகினு இருந்தான். எரவலா கேட்டேன்" என்றாள்.

அவன் அடித்தது கல்யாண மேளம் இல்லை, சண்டைக்குப் போகிறவர்களுக்கு அடிக்கிற அடி. ஆனால் என்ன அடி. ஏரிக்குள் தீவாக இருக்கிற பசியாவரத்திலிருந்துகூடத் தோணி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். மடவை மீன் குழம்பைக் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டான். சாயங்காலம் அக்கா அவனைத் திருப்பிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கம்போல் கோட்டையில் விடவில்லை. ஊருக்குள் துணி வியாபாரம் செய்த லெப்பை ஒருவர் வீட்டு வாசலில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு விட்டுவிட்டு வந்துவிட்டாள். லெப்பை தலையில் அடித்துக்கொண்டு, அவனுக்குப் பானகம் கொடுத்து, தாமே கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கப்புறம் எங்கள் குப்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் வீட்டிலிருந்து ஒரு கூடை தேங்காய் வரும். கேட்டால், "உங்க கல்யாணத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்கே" என்பார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்து சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலதான். இன்று எங்கள் குப்பம் வலை போட்டால் நாளை அக்கரைக் குப்பம் போடும். இப்படி முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். ஒரு வருஷம் வெள்ளத்தில் எல்லைக் கம்புகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. முறை யாருடையது என்பதில் குழப்பம் வந்து, ஒரே நாளில் இரண்டு பேரும் வலையை இறக்கினார்கள். வலை அறுந்தது, ஒருவருக்குக் கை முறிந்தது. இரண்டு குப்பத்துப் பெரியதனக்காரர்களும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னார்கள். நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பெண் கொடுத்த வீட்டுக்குப் போக்குவரத்தும் கிடையாது. அவன் கரையில் இவன் காலோ, இவன் கரையில் அவன் காலோ படக்கூடாது.

என் தங்கையை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு மைல் தண்ணீர்தான் நடுவில்.

மனிதர்கள் வாயை மூடிக்கொண்ட அதே கோடையில் ஏரியும் வாயை மூடிக்கொண்டது. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்தில் மணல் அடைத்துவிட்டது. வழக்கமாக இரண்டு குப்பமும் சேர்ந்து ஒரே மூச்சில் வெட்டித் திறந்துவிடுவோம். இப்போது எங்கள் ஆண்கள் தனியாகப் போய் வெட்டினார்கள். பாதி வெட்டுவதற்குள் கடல் ஏறி வந்து மணலை நிரப்பிவிட்டுப் போனது. மறுவாரம் அக்கரைக்காரர்கள் வெட்டினார்கள். அதுவும் தூர்ந்தது. கடலிலிருந்து புது மீன் உள்ளே வரவில்லை. ஏரித் தண்ணீர் வற்றி, உப்பேறி, பச்சையாக நாறியது. மடவை செத்து வயிறு தெரிய மிதந்தது. கோட்டைத் துணி மூட்டைகளைக் கப்பலுக்கு ஏற்றுகிற சலங்குப் படகுகளும் கரையில் கவிழ்ந்து கிடந்தன, அதனால் அந்தக் கூலியும் போயிற்று. ஆடி பிறந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அக்கரையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கும்போது, பால் கொடுக்கிற தங்கை ஞாபகம் வரும்.

ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். அதற்கென்று கோவிலில் ஒரு செம்புக் கொப்பரை உண்டு. நாலு பேர் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. இந்த வருஷம் மாவுக்கு எங்கே போவது என்று பெரியதனக்காரர் கோவில் வாசலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா போய் அவர் எதிரில் நின்றாள்.

"நைனா, கொப்பரைய எரவலா குடு. பச்ச புடிச்சு கீது. தண்ணிக்கு எடுத்துனு போய் புளி போட்டுத் தேச்சுட்டு வரேன்."

அவர் தலையாட்டினார். எங்கேயோ பார்த்துக்கொண்டு ஆட்டினார்.

கொப்பரையைத் தண்ணீரில் இறக்கியதும் அது தோணிபோல் மிதந்தது. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். துறையில் நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஏரி வற்றியிருந்ததால் முழங்கால் ஆழம்தான், சில இடங்களில் தொடை. தள்ளிக்கொண்டே நடந்தாள்.

"எங்க போற அக்கா?"

"இந்தாண்ட தண்ணி கலங்கல். அந்தாண்ட தெளிவா கீது."

பாதி ஏரி தாண்டிய பிறகுதான் அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். அவள் காதில் வாங்கவில்லை. அக்கரை நெருங்கியதும் நான் தண்ணீரிலேயே நின்றுவிட்டேன். கரையில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் ஒருத்தியாக அந்தக் கொப்பரையைச் சேற்றில் இழுத்துக் கரையில் ஏற்றினாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ரொம்ப நாளா எங்ககிட்ட கெடந்துது. இந்தாங்க உங்க கொப்பர" என்றாள், என்னமோ பக்கத்து வீட்டில் சல்லடை கொடுக்கிற மாதிரி. உள்ளே ஒரு பிடி உப்பு போட்டிருந்தாள். திரும்பி என்னிடம் நடந்து வந்தாள்.

தூரத்தில் ஒரு குடிசை வாசலில் என் தங்கை நின்றதைப் பார்த்தேன். இடுப்பில் துணி மூட்டைபோல் ஏதோ இருந்தது. கையை ஆட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம்.

அம்மன் கொப்பரை அக்கரையில் இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் குப்பம் கொதித்தது. பெரியதனக்காரர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அத ஏன் அங்க போய் குடுத்த?"

"யாருதுன்னு மறந்துட்டேன் நைனா. வயசாவுதில்ல."

வயதாம். அப்போது அவளுக்கு ஒரு நரைமுடி இல்லை.

அக்கரையில் நடந்ததைப் பிறகு தங்கை சொன்னாள். அது தங்கள் கொப்பரை இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீடு தேடி வந்த அம்மன் பாத்திரத்தை வெறுமையாக எப்படித் திருப்புவது? வீட்டுக்கு ஒரு பிடி கேழ்வரகு மாவும் நொய்யும் எடுத்தார்கள். இருந்த கடைசிப் பிடியையும் எடுத்தவர்கள் உண்டு. எங்கள் கரையில் அவர்கள் கால் படக்கூடாது அல்லவா, அதனால் இரண்டு கரைக்கும் சொந்தமில்லாத முகத்துவார மணல்திட்டுக்குக் கொப்பரையைக் கொண்டுபோய், அங்கேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தோணியிலிருந்து கூவினார்கள்.

எங்கள் ஆண்கள் துடுப்பும் கழியுமாகப் போனார்கள். பெண்கள் பின்னாலேயே போனோம். அதற்கு முன் காலையில் அக்கா வீடு வீடாக வந்திருந்தாள். "ஒரு பிடி மாவு எரவலா குடுமே." எல்லோரும் திட்டிக்கொண்டே கொடுத்தோம்.

திட்டில் கொப்பரை நின்றது. பாதிதான் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். எலும்பும் தோலுமான முகங்கள். அந்தப் பாதிக் கூழைப் பார்த்ததும் எங்கள் ஆண்களின் கழிகள் தாழ்ந்தன. அக்கா மடியை அவிழ்த்து, எங்களிடம் வாங்கிய மாவை அவர்கள் தண்ணீரில் கரைத்து, கொப்பரையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அகப்பையால் கிண்டினாள். அது என் அகப்பை. கூழ் விளிம்புவரை ஏறியது.

ஆனாலும் யாரும் நகரவில்லை. தீர்ப்பு தீர்ப்புதானே. இரண்டு பெரியதனக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். கூழ் ஆறிக்கொண்டிருந்தது. இப்படியே பிரிந்து போய்விடுவோம் என்று எனக்குத் தோன்றியது. அப்படிப் போனால் அந்த வருஷம் இரண்டு குப்பத்திலும் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று தெரியாது.

அக்கா அந்தப் பக்கம் போய் என் தங்கை முன்னால் நின்றாள்.

"புள்ளய கொஞ்சம் எரவலா குடுமே."

அவள் கேட்டு யார் மறுத்தார்கள். தங்கை கொடுத்தாள். அக்கா குழந்தையை உச்சி முகர்ந்து கொஞ்சினாள். அப்படியே கொப்பரையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். என் கையில் வைத்தாள்.

"இந்தாமே. உன்கிட்ட வாங்கினது" என்றாள்.

பெண் குழந்தை. என் அம்மாவின் நெற்றி. அது என் மூக்கைப் பிடித்தது. நான் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். தங்கை என்ன செய்வாள்? பிள்ளையை வாங்க அவள்தான் வரவேண்டும். ஒரு கணம் அவள் தன் பெரியதனக்காரரைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. ஓடி வந்தாள். அவளைப் பிடிக்க அவள் மாமியார் வந்தாள். மாமியாரைக் கண்டு எங்கள் கடைசி வீட்டுக்காரி, அந்த மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை, எழுந்து போனாள். அப்புறம் யார் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் பெரியதனக்காரர்தான் முதல் தொன்னைக் கூழை மொண்டார். அதை அக்கரைப் பெரியதனக்காரரிடம் நீட்டினார். "ஆறிடும், குடி" என்றார்.

கூழ் குடித்த தெம்பில் அங்கேயே வெட்ட ஆரம்பித்தார்கள். மண்வெட்டி போதவில்லை. பெண்கள் கூடையிலும் முறத்திலும் முந்தானையிலும் மணலை அள்ளினோம். கர்ப்பிணிகளை உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மணலில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. கோடு ஓடையானது. ஓடை கரைகளைத் தானே இடித்துத் தள்ளிக்கொண்டு அகன்றது. பிறகு கடல் உள்ளே வந்தது. அந்த ஓசையை எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு ஊரும் இடுப்பளவுத் தண்ணீரில் கை கோத்து நின்றோம், எங்கள் கால்களுக்கு நடுவே மீன்கள் முட்டிக்கொண்டு போயின. முதன்முதலாக அக்காவைத் தேடினேன், திட்டுவதற்கு இல்லை. அவள் தண்ணீர் ஓரத்தில் குனிந்து, யாருடைய கூடை என்று பாராமல் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து ஒரு தை மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். காய்ந்த கருவாட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாதபடி இரண்டு குப்பமும் வந்தது. லெப்பை வீட்டிலிருந்து துணி வந்தது. காரியத்துக்கு வேண்டிய குடம், பாய், கழி, மண்வெட்டி எல்லாம் இரண்டு கரை வீடுகளிலிருந்தும் இரவல்தான். நானும் ஒரு குடம் கொடுத்தேன். கழுத்து நசுங்கிச் சொட்டை விழுந்த குடம்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் அதிகம் பழகாதவள். கையில் ஒரு குடம்.

"இது உங்க கொடம்தானே அக்கா?"

வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பிடி அரிசி. கழுத்தில் சொட்டை இல்லை. அடியில் ஒரு ஒட்டு இருந்தது. அந்த ஒட்டுப் போட்ட குடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டுக் குடம் அது, இவளுக்கும் அது பக்கத்து வீடுதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, என்துதான். உக்காருமே" என்றேன். மோர் கொடுத்தேன். அவள் தோணி ஏறிப் போகிறவரை கரையில் நின்றேன்.

பிறகு வீட்டுக்குள் வந்தேன். அரிசியை எடுத்துக்கொண்டு, குடத்தில் ஒரு பிடி இறால் கருவாட்டைப் போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்து, அது யாருடையதோ அவர்கள் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.